ஒச்சாயி வெட்டின கரை

ஒரு ஊர்ல ஒரு சின்னக் கண்மாய் இருந்துச்சு. ரொம்பப் பழைய மண்ணுக்கரை. கரையோட கடைசி மூலையில, ஓடைப் பக்கமா ஒரு குடிசை. அதுல ஒச்சாயின்னு ஒருத்தி தனியா இருந்தா. மடையத் தொறந்து வயலுக்குத் தண்ணி விடுறது அவ புருசன் வேலை. அவரு செத்தப்புறம் இவ பாத்தா. ஊரு கீழ, ஒரு மைல் தள்ளி. தண்ணி வேணும்னா ஆள் வரும், சொல்லிட்டுத் திரும்பிப் போயிரும். மத்த நாளெல்லாம் அவளும் ஒரு வெள்ளாடும்தான். வாயத் தொறந்து பேசியே மாசக்கணக்காயிரும். கேக்குறியா? ம்.

அப்புறம் ஐப்பசி மழை புடிச்சுக்கிச்சு. சோ சோன்னு ஊத்துது. மொத நாள் கரையில நண்டு வளை வழியா சிலுசிலுன்னு தண்ணி கசிஞ்சுச்சு. ஒச்சாயி வைக்கோலும் களிமண்ணும் வச்சு அடைச்சா. ரெண்டாம் நாள் பானை வாய் அகலத்துக்கு ஓட்டை, குபுகுபுங்குது. கூரை ஓலையப் பிடுங்கி, மண்ணோட சேத்துத் திணிச்சா. மூணாம் நாள் பகல்ல, தண்ணி கரை மட்டத்துக்கு வந்து தளும்புது. கரை மேல நின்னு ஊரப் பாத்துக் கத்துனா. மழைச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? ஓடிப்போய் ஆளக் கூட்டியார்றதுக்குள்ள கரை போயிரும். கரை போனா ஊரே போயிரும்.

ம் சொல்லு. ம்.

அவ குடிசை இருந்த மூலையில கரைக்கடியில பாறை. அங்க வெட்டினா மேல்தண்ணி மட்டும் ஓடையில விழும், ஊரு தப்பிக்கும். ஆனா தண்ணி பாயுற வழியில குடிசை நிக்குது. புருசன் கட்டின குடிசை. அப்புறம் ஆட்ட அவுத்து மேட்டுல விட்டுட்டு, மம்பட்டியால வெட்டுனா. சதக், சதக், சதக். தண்ணி கடகடன்னு பாய்ஞ்சுச்சு. குடிசை அப்படியே சாஞ்சு மெதந்து போயிருச்சு.

பொழுது சாயறதுக்கு முன்னாடி மழை விட்டுச்சு. அப்போ ஊரு சனம் வந்து ஊருப் பக்கத்துக் கரைய மட்டும் பாத்துச்சு. கரை நல்லாத்தான் இருக்குன்னு பேசிக்கிட்டே திரும்புனாங்க. பின்னியம்மான்னு ஒருத்தி மட்டும் நின்னுட்டா.

"ஆத்தா, ஒங்க வீடு எங்க?"

ஒச்சாயி ஓடையக் கை காட்டுனா. போனவங்க எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க.

பின்னியம்மா அவளத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், தலையத் துவட்டிவிட்டு, என்ன வேணும்னு கேட்டா.

ஒச்சாயி சொன்னா: "ஒண்ணும் வேணாம் தாயி. கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இரு."

பின்னியம்மா பேசிக்கிட்டே இருந்தா. ஒச்சாயி கேட்டுக்கிட்டே கண்ணசந்துட்டா.

கண்மாயும் அடங்கிருச்சு, கதையும் அடங்கிருச்சு. நீயும் கண்ண மூடு.