சரியாத பனி

வடக்கே பனிமலையில் ஒரு சிவன் கோயில். தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு குழுவைக் குளிர்காலத்தில் அங்கே கூட்டிப் போனார் உலகநாதன். ஒருவர் விடாமல் தரிசனம் செய்ய வைப்பேன், வழியில் யாரையும் பிரிய விடமாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்.

கோயிலுக்குப் போக, கடைசியாக ஒரு செங்குத்தான பனிச்சரிவைக் குறுக்கே கடக்க வேண்டும். இரவெல்லாம் காற்றோடு புதுப்பனி கொட்டியிருந்தது. ஓரத்தில் கால் வைத்ததுமே உள்ளே 'தொம்' என்று அமுங்கியது. மேலே நீளமாக ஒரு கீறல் ஓடியது. வழிகாட்டி ரிக்சின் நின்றுவிட்டான். நம் ஆட்களோடு பழகிக் கற்ற தமிழில், பழைய பனிமேல் புதுப்பனி ஒட்டவில்லை, பாரம் ஏறினால் மொத்தமாகச் சரியும், திரும்பிவிடலாம் என்றான்.

உலகநாதன் கேட்கவில்லை. இருட்டில் மலையேறும் நம் வழக்கப்படி, முன்னால் போகிறவர் துண்டைப் பின்னால் வருகிறவர் பிடித்துக்கொண்டு, எல்லாரும் நெருக்கமாக நடக்கச் சொன்னார். ஒவ்வொருவராகவாவது போங்கள் என்று ரிக்சின் கெஞ்சினான். அதற்கும் அவர் இணங்கவில்லை. கூட்டி வந்தவர்களைக் கைவிட மனமில்லாமல் அவனும் முன்னே நடக்கத் தயாரானான்.

மகளுக்குக் குழந்தை பிறந்ததற்காக நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர் மாசிலாமணி. அவர் மனைவி குணவதி அவருடைய துண்டை உருவித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, பனியிலேயே வழியை மறித்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, சாமி வாசல்ல வந்து மறியல் பண்ணுதியா?" என்றார் மாசிலாமணி.

"மறியல்தான். என்னைய மிதிச்சிட்டுப் போங்க."

உலகநாதன் சிரித்தார். "துண்டுதான் போயிட்டே மாசிலாமணி, அவ சேலைய வாங்கிக் கட்டிக்கிடும்."

மாசிலாமணி கூனிக் குறுகி நின்றார். அவளைத் தாண்டிப் போக மட்டும் அவருக்குக் கால் வரவில்லை. மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பனி சரியவில்லை. எல்லாரும் திருநீற்றுப் பிரசாதத்தோடு திரும்பி வந்தார்கள். ஊர் வந்த பிறகும் மாசிலாமணி மனைவியோடு பேசவில்லை.

என் சத்தியத்தை அவள்தான் கெடுத்தாள் என்கிறார் உலகநாதன். எச்சரித்தேன், பிறகும் கூடவே போனேன் என்கிறான் ரிக்சின். மிதித்துவிட்டுப் போங்கள் என்று வழியில் உட்கார்ந்தவள் குணவதி. சொல்லுங்கள், இந்த மூவரில் அன்று சரியாக நடந்துகொண்டது யார்?

விடை: குணவதிதான். பனி சரியாததை வைத்து அவளைக் குற்றம் சொல்பவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பஸ்ஸுக்குக் குறுக்கே பாய்ந்து தப்பிய பிள்ளையைக் கெட்டிக்காரன் என்றா மெச்சுவோம்? நாலு சாத்துச் சாத்த மாட்டோமா? காலடியில் கேட்ட சத்தத்தை மதிக்காதவர் உலகநாதன். ரிக்சினோ அதன் அர்த்தம் தெரிந்தே நடந்தான். அவன் வர மறுத்திருந்தால் ஒருவரும் அடியெடுத்து வைத்திருக்க மாட்டார்கள். எல்லாரும் திரும்பி வந்தது ஆண்டவன் இரக்கம். அதில் உலகநாதன் நெஞ்சு நிமிர்த்த என்ன இருக்கிறது? நேர்த்திக்கடனுக்குச் சாமி கோடைவரை காத்திருப்பார். பெண்டாட்டியோடு பேசாமல் முறைத்துக்கொண்டு உட்காரவும் மனிதனுக்கு உயிர் வேண்டும். அவள் பார்த்தது அதைத்தான்.