தாயத்து கட்டியவர் நடந்த நடை

முன்னொரு காலத்தில் குறும்பாறை நாட்டை வேங்கைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நிலையில்லாத புத்திக்காரன். மழை பெய்தால் ஏன் பெய்தது என்று மந்திரியைக் கேட்பான். பெய்யாவிட்டால் ஏன் பெய்யவில்லை என்று தோட்டக்காரனைக் கேட்பான். காலையில் பரிசு வாங்கியவன் மாலையில் சிறையில் இருந்ததும் உண்டு.

அவன் அரண்மனையில் கிணற்றடியிலிருந்து அந்தப்புரத்துக்கு ஒரு நீண்ட நடை போகும். கருங்கல் பாவிய நடை. அங்கே கால் இடறுகிறவர்கள் எப்போதும் உண்டு. ஒரு வருஷம் ஆடி மாதத்தில் அங்கே சமையல்காரர் விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். பத்து நாள் கழித்துத் தளபதி விழுந்தார். இருபது போரில் விழாத மனிதர். மூன்றாவதாக ராஜாவின் தாயார் பெரியராணி, குளித்துவிட்டு வரும்போது விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டாள்.

ராஜா சபையைக் கூட்டினான். அரண்மனை மேற்பார்வையாளர் விருபாட்சர் எழுந்தார். அந்த நடையை முன்னின்று கட்டியவர் அவர்தான். அதைப் பற்றி யாரும் ஒரு சொல் குறை சொல்லப் பொறுக்கமாட்டார்.

"அரசே, இது ஏவல். யாரோ பேயை ஏவிவிட்டிருக்கிறார்கள். எல்லாரும் விழுகிற இடத்தில் ஒருத்தி மட்டும் விழாமல் நடக்கிறாள். தண்ணீர் சுமக்கிற வீராயி. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், பன்னிரண்டு வருஷமாக ஒருநாளும் கால் இடறியதில்லை. எப்படி?"

சபை முணுமுணுத்தது. வீராயியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாற்பது வயதுக்காரி. ஈரப் புடவையோடு நின்றாள்.

"பேயை ஏவியது நீயா?" என்றான் ராஜா. "பொய் சொன்னால் நாட்டைவிட்டே துரத்திவிடுவேன்."

 வீராயிக்கு, வீட்டில் நோயாய்ப் படுத்திருக்கும் புருஷன் நினைவுக்கு வந்தான். ஆனாலும் குரல் பிசகவில்லை.

"மகாராஜா, நான் ஏவவில்லை. ஆனால் ஒன்று கேட்கவேண்டும். மேற்பார்வை ஐயாவும் தினம் அந்த நடையில் போகிறார். அவரும் விழுந்ததில்லையே?"

விருபாட்சர் சிரித்தார். கையிலிருந்த தாயத்தை உயர்த்திக் காட்டினார். "இது மலையாள மாந்திரீகர் கட்டியது. எந்தப் பேயும் என்னை அண்டாது."

"அப்படியானால் ஐயா சபைக்கு அதைக் காட்டட்டும்" என்றாள் வீராயி. "கண்ணைக் கட்டிக்கொண்டு, என்னுடைய இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு அந்த நடையில் நடக்கட்டும். விழாவிட்டால் தாயத்து மெய், பேயும் மெய். நான் இன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விடுகிறேன்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துப்போயிற்று. "சரியான சோதனை. நடந்து காட்டும், விருபாட்சரே."

கறுப்புத் துணியால் இறுக்கிக் கண்ணைக் கட்டினார்கள். கைக்கு ஒரு குடம் நிறையத் தண்ணீர். சபை முழுக்கப் பின்னால் திரண்டு வந்தது. விருபாட்சர் நடந்தார். நாலடி போனதும் இடப்பக்கச் சுவரை ஒட்டி ஒதுங்கினார். பிறகு நடுவுக்கு வந்தார். விளக்குத் தூணருகே ஒரு எட்டு அகலமாக வைத்தார். மூன்று படி ஏறும்போது கடைசிப் படிக்கு மட்டும் காலை நன்றாக உயர்த்தினார். நிலைப்படியை எத்திவிடாமல் தாண்டினார். ஒரு துளி சிந்தவில்லை.

சபை கைதட்டியது. விருபாட்சர் குடங்களை இறக்கிவைத்து, கண்கட்டை அவிழ்த்துப் பெருமையாகத் திரும்பினார்.

வீராயி மட்டும் அசையாமல் நின்றாள். "மகாராஜா, ஐயா சுவரோரம் ஒதுங்கிய இடத்தில், அவர் மிதிக்காமல் விட்ட கல்லை மிதித்துப் பாருங்கள்."

ராஜா மிதித்தான். கல் ஆடியது.

"அகல எட்டு வைத்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள்." விளக்கிலிருந்து சொட்டிய எண்ணெய் கல்லில் ஊறிக் கிடந்தது. கடைசிப் படியை அளந்தார்கள். மற்ற இரண்டையும்விட மூன்று விரல் உயரம். நிலைப்படி தரையோடு ஒரே நிறமாக, இருக்கிற இடமே தெரியாமல் கிடந்தது.

ராஜா மெல்லத் திரும்பினான். "கண் கட்டியிருந்ததே. எங்கே ஒதுங்க வேண்டும் என்று உமக்கு யார் சொன்னது, விருபாட்சரே? தாயத்தா?"

விருபாட்சரின் கை தாயத்தை மூடிக்கொண்டது.

"அவருக்குத் தெரியும், மகாராஜா. எனக்கும் தெரியும்" என்றாள் வீராயி. "தெரிந்த நாங்கள் இரண்டு பேரும் விழவில்லை. தெரியாதவர்கள் விழுந்தார்கள். மூன்று முறை ஐயாவிடம் போய்ச் சொன்னேன். தண்ணீர் சுமக்கிறவளுக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும் என்று அனுப்பிவிட்டார்."

"கட்டியதில் குறை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அரசே" என்றார் விருபாட்சர். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

ராஜா அவரைச் சிறையில் போடவில்லை. நடை பழுது பார்த்து முடியும்வரை அரண்மனைக்கான தண்ணீரை அவரே சுமக்கவேண்டும் என்றான். வேலை எப்படி நடக்கவேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தை வீராயிக்குக் கொடுத்தான்.

அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கொத்தன், ஒரு தச்சன், கொஞ்சம் சுண்ணாம்பு. ஆடிய கல்லைப் பெயர்த்து மண் கெட்டித்துப் பதிக்கச் சொன்னாள். விளக்கைச் சுவர் மாடத்துக்கு மாற்றினாள். வழவழத்த கல்லை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கினாள். படிகளைச் சமமாக்கி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் நிலைப்படியிலும் வெள்ளைக் கோடு இழுத்தாள். சுவர் நெடுக, கை பிடிக்கிற உயரத்தில் தேக்குக் கழி ஓடியது. எல்லாம் எட்டே நாள்.

தளபதி முதலில் கழியைப் பிடிக்கக் கூச்சப்பட்டார். "வாளைப் பிடிக்கிற கைதானே ஐயா, இதையும் பிடிக்கட்டும்" என்றாள் வீராயி. அவர் பிடித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பெரியராணி எழுந்தாள். தாதிகளை விலகச் சொல்லிவிட்டு, கழியைப் பற்றிக்கொண்டு தானாகவே நடையைக் கடந்தாள். ராஜா மறுகோடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அருகே வந்ததும் அவள் சொன்னாள்: "வயதாகிவிட்டது, இனிமேல் கட்டில்தான் கதி என்று இருந்தேனடா மகனே. படிக்குத்தான் வைத்தியம் தேவைப்பட்டிருக்கிறது."