ஏழு முறை நின்ற லாரி

"எல்லாமே புதுசுங்க டாக்டரம்மா. அப்புறமும் சக்கரம் ஏனுங்க கழண்டுச்சு?"

கேட்டவர் நஞ்சப்பன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். முப்பது வருடம் மற்றவர்களைக் கேள்வி கேட்டே பழகியவர். பதில் தெரியாத ஒரு கேள்வியைக் கேட்கும்போது குரல் கொஞ்சம் இடறியது.

டாக்டரம்மா என்றால் மாட்டு டாக்டர். பெயர் சபுரா. வயதில் நஞ்சப்பனைவிட இருபது வருடம் சின்னவர். உடுமலைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் மூன்று பட்டாளத்து லாரிகள் வைத்திருந்தார். ராணுவம் கழித்து ஏலம் விட்டவை. வாரத்தில் ஆறு நாள் மாடு, ஞாயிற்றுக்கிழமை லாரி. இரண்டுக்கும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாது, அதனால் எனக்கு ஒரே வேலைதான் என்பார்.

நஞ்சப்பனுக்கும் அதே பைத்தியம்தான். ஏலத்தில் எடுத்த லாரி ஒன்றை நாலு வருடம் பிரித்துப் பூட்டினார். மனைவி தெய்வாத்தாள் கூடவே நின்றார். நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினார். மேலே போடும் கித்தானைத் தன் கையாலேயே தைத்தார். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் இருவருக்கும் கியர்பெட்டிப் பேச்சுதான்.

முதல் பயணம் பழனிக்கு. பாதி வழியில் முன் இடது சக்கரம் கழன்று தன்பாட்டில் ஓடியது. லாரி வாய்க்காலில் இறங்கியது. தெய்வாத்தாளுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

எலும்பு கூடிவிட்டது. லாரியையும் சரி செய்தாயிற்று. ஆனால் எட்டு மாதமாகத் தெய்வாத்தாள் அதில் ஏறவில்லை. லாரி நிற்கும் பக்கம்கூட வருவதில்லை. வீட்டில் பேச்சே குறைந்துபோனது.

"அவ மறுபடி ஏறணுங்க. அது போதும் எனக்கு."

நஞ்சப்பன் ஓட்டி வந்திருந்த லாரியைச் சபுரா சுற்றி வந்தார்.

"ஒரு சக்கரத்தைக் கழட்டுங்க சார்."

கழற்றினார். பச்சை பெயிண்ட் பளபளத்தது. நட்டு உட்காரும் இடத்தைச் சபுரா நகத்தால் சுரண்டினார்.

"இங்கயுமா பெயிண்ட்?"

"அஞ்சு கோட்டுங்க. ஒரு இடம் விடலீங்க." சொல்லும்போது நஞ்சப்பன் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"மாட்டுங்க. உங்க பலம் இருக்கிற வரைக்கும் இறுக்குங்க. இந்தச் சோளக்காட்டை இருபது சுத்து சுத்திட்டு வாங்க."

சுற்றிவிட்டு வந்தார்.

"இப்ப ஸ்பேனர வச்சு லேசாத் தள்ளுங்க."

தள்ளினார். நட்டு நகர்ந்தது. அடியில் பெயிண்ட் நசுங்கி, அப்பளம் மாதிரி பொரிந்து கிடந்தது.

"நட்டு இரும்பப் பிடிக்கணும் சார். நடுவுல பெயிண்ட் இருந்தா, அது நசுங்க நசுங்க நட்டு லூசாகும்."

நஞ்சப்பன் தலையில் அடித்துக்கொண்டார். கூலிக்கு லாரி ஓட்டுகிறவன் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டான். சக்கரத்துக்கு அஞ்சு கோட்டு அடிக்க அவனுக்கு ஏது நேரம். ஆசை வைத்தவர்தான் இப்படி மாட்டிக்கொள்ள முடியும்.

அடுத்த ஞாயிறு மறுபடி வந்து நின்றார். முகம் தொங்கியிருந்தது.

"சுரண்டிட்டேனுங்க. இரும்பு தெரியற வரைக்கும். அவளுக்கு விளக்கியும் சொன்னேன். காகிதத்துல படம் போட்டே காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"'நல்லதுங்க'ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா."

சபுரா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சக்கரம் கழலறதுக்கு முந்தி சத்தம் வந்திருக்குமே சார்?"

நஞ்சப்பன் குனிந்து ஒரு நட்டைத் திருகிப் பார்த்தார்.

"வந்துச்சுங்க."

"கேட்டுதா உங்களுக்கு?"

"அவளுக்குக் கேட்டுச்சு. 'டக்கு டக்குங்குது, நிறுத்திப் பாருங்க'ன்னா. ரெண்டு தடவை சொன்னா."

"நீங்க?"

"காத்துல கித்தான் அடிக்கிற சத்தம்னேன். நீ தைச்ச லட்சணம் அவ்வளவுதான்னும் சொன்னேனுங்க."

சபுரா லாரியில் ஏறி, தெய்வாத்தாள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்.

"ஓட்டுங்க."

கொட்டகையைத் தாண்டியதும், "நிறுத்துங்க" என்றார்.

"ஏனுங்க?"

"இறங்கி நாலு சக்கரத்தையும் தொட்டுப் பாருங்க."

பட்டாளத்து டிரைவர்களின் வழக்கம் அது. எங்கே நின்றாலும் முதலில் சக்கரங்களின் நடுவே கை வைத்துப் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே ஏதோ கோளாறு. நஞ்சப்பன் தொட்டார். நாலும் ஜில்லென்று இருந்தன.

தென்னந்தோப்பு ஓரம் வந்ததும் மறுபடி, "நிறுத்துங்க."

"இப்பத்தானுங்க பார்த்தேன்."

"நிறுத்துங்க."

மூன்றாவது தடவை மதகுப் பாலத்தில்.

"சத்தமே இல்லீங்களே டாக்டரம்மா."

"நிறுத்துங்க."

நாலாவது தடவை நஞ்சப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நாலு வருஷம் இதைப் பிரிச்சுப் பூட்டினவன் நான். இதுல என்ன சத்தம் வரும்னு எனக்குத் தெரியாதுங்களா?"

சொல்லி முடித்ததும் அவருக்கே அந்தக் குரல் காதில் விழுந்தது. பழனி ரோட்டில் பேசியதும் அதே குரல்தான். வெட்கமாக இருந்தது. பக்கத்தில் சபுரா ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"நிறுத்துங்க சார்."

நிறுத்தினார்.

ஐந்தாவது தடவை அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஆறாவது தடவை முகத்தைச் சுளிக்கவும் இல்லை. ஏழாவது தடவை, சபுரா சொல்லி முடிப்பதற்குள் பிரேக்கில் கால் போயிருந்தது.

சபுரா இறங்கிக் கதவைச் சாத்தினார்.

"நான் நடந்து போய்க்கிறேன்."

"அவளை எப்படிங்க ஏறச் சொல்றது?"

"ஏறச் சொல்லாதீங்க."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

நஞ்சப்பன் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தினார். உள்ளே தெய்வாத்தாள் முறத்தில் சின்ன வெங்காயம் வைத்து உரித்துக்கொண்டிருந்தார். நஞ்சப்பன் எதிரே தரையில் உட்கார்ந்தார். படம் போடக் காகிதம் எதுவும் எடுத்துவரவில்லை.

"கித்தான்ல ஒரு தையல்கூட விடலே நீ."

தெய்வாத்தாள் நிமிரவில்லை.

"சக்கரத்துச் சத்தம்தான் உனக்குக் கேட்டிருக்குது. நிறுத்துங்கன்னே. நான் நிறுத்தலே."

ஒரு வெங்காயம் உரிந்தது. இன்னொன்றும் உரிந்தது.

"ரெண்டு தடவை சொன்னேன்" என்றார் தெய்வாத்தாள்.

"ஆமா. ரெண்டு தடவை."

தெய்வாத்தாள் மீதி வெங்காயத்தையும் உரித்து முடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்துக்கா என்று நஞ்சப்பன் கேட்கவில்லை, அந்த அளவு புத்தி அன்றைக்கு வந்திருந்தது. தெய்வாத்தாள் கை கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனார். யாரும் கூப்பிடாமல் லாரியில் ஏறி உட்கார்ந்தார்.

நஞ்சப்பன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

லாரி பத்தடி நகர்ந்திருக்கும்.

"நிறுத்துங்க" என்றார் தெய்வாத்தாள்.

நஞ்சப்பன் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். இறங்கினார். வலது முன் சக்கரத்தைத் தொட்டார். வலது பின் சக்கரத்தைத் தொட்டார். பின்பக்கமாகச் சுற்றி வந்து இடது பின் சக்கரத்தையும் தொட்டுவிட்டு நிமிர்ந்தார்.

இடது முன் சக்கரத்தின் அருகே தெய்வாத்தாள் குனிந்து, அதன் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நான் பார்த்துட்டனுங்க. ஏறுங்க."