நாரை விதித்த தண்டம்

ஒரு காட்டில் இலுப்பைத் தோப்பு ஒன்றுக்குக் கரடி முதலாளியாக இருந்தது. விடியும்போது உதிரும் பூவைப் பொறுக்க அணில்களைக் கூலிக்கு வைத்திருந்தது. ஒரு நாள் பூப் பொறுக்கினால் ஒரு கொட்டாங்கச்சி நிறையப் பூ கூலி என்பது சிங்கராஜா போட்ட சட்டம். கரடி கொடுத்ததோ அரைக் கொட்டாங்கச்சி. கேட்டால், இஷ்டமில்லாவிட்டால் போகலாம், வேலைக்கு வேறு அணில்கள் காத்திருக்கின்றன என்று சொல்லிவிடும்.

வெள்ளச்சி என்ற அணிலுக்கு மூன்று குட்டிகள். அரை வயிற்றுக் கூலியில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. கடைக்குட்டி கண் திறக்கவும் தெம்பில்லாமல் கிடந்தது.

சட்டம் நடக்கிறதா என்று பார்க்க அரண்மனையிலிருந்து நாரை அதிகாரி வந்தது. முதல் நாளே சொல்லி அனுப்பிவிட்டு வருவதுதான் அதன் வழக்கம். கரடி சும்மா இருக்குமா? எல்லாக் கொட்டாங்கச்சிகளையும் நிரப்பி வைத்தது. நாரைக்கு ஆற்றுமீன் விருந்தும் வைத்தது. சாப்பிட்டு முடித்த நாரை, கரடியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே, கூலி சரியாக வருகிறதா என்று அணில்களைக் கேட்டது. எல்லாம் தலையாட்டின. பாவம், வேறென்ன செய்யும்?

வெள்ளச்சி மட்டும் முன்னால் வந்தாள்.

"ஐயா, இது இன்னிக்கு மட்டுந்தான். தெனமும் அரைதான் தர்றாங்க. எம்புள்ள சாகக் கெடக்குது."

நாரை மீனைத் தின்றதே தவிர நியாயத்தைத் தின்னவில்லை. விசாரித்தது. உண்மை தெரிந்ததும் கரடிக்கு நூறு கொட்டாங்கச்சிப் பூ தண்டம் விதித்தது. அணில்கள் வாலைத் தூக்கிக்கொண்டு குதித்தன.

தண்டப் பூவை யானைமேல் ஏற்றும்போது வெள்ளச்சி ஓடிவந்தாள்.

"எங்களுக்குக் கொறைச்ச கூலி எங்க, ஐயா?"

"தண்டம் அரண்மனைக் களஞ்சியத்துக்குத்தாம்மா போகும். உங்க கூலிப் பாக்கியைப் பத்தி உத்தரவுல ஒண்ணும் இல்லையே" என்றது நாரை. பறந்தும் போய்விட்டது.

மறுநாள் கரடி கால் கொட்டாங்கச்சிதான் அளந்தது. கட்டிய தண்டம் முழுவதையும் அணில்களின் கூலியிலேயே கழிக்கப் போவதாகச் சொன்னது. வெள்ளச்சிக்கு அந்தக் காலும் இல்லை. தோப்புப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று அவளை விரட்டிவிட்டது.

அன்று சாயங்காலம் கடைக்குட்டி செத்துப்போனது. வெள்ளச்சியின் அழுகை தோப்பு முழுக்கக் கேட்டது.

அடுத்த பூக்காலத்தில் நாரை மறுபடி வந்து கேட்டபோது, குறை சொல்ல ஒரு அணிலும் முன்வரவில்லை. இந்தத் தோப்பில் சட்டம் நன்றாக நடக்கிறது என்று நாரை அரண்மனையில் போய்ச் சொன்னது.

பறிபோன கூலியை உழைத்தவன் கையில் வாங்கிக் கொடுக்காத சட்டம், ஏழைக்கு இன்னொரு முதலாளிதான்.