பாண்டு துரையின் முதுகு

கொன்றையூர் சமஸ்தானத்தை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம், கிடைக்காது. ஆனால் அங்கே ஒரு ராஜா இருந்தார். ராஜாவுக்கு மூக்கு நுனியில் கோபம் இருந்தது. அதை இறக்கிவைக்க ஒரு கவிராயரும் இருந்தார். ராஜா பெயர் குமாரரங்க ராயர். கவிராயர் பெயர் சிற்சபேசர். ஆள் குள்ளம், பேச்சு காரம். ஊரே அவரை மிளகாய்க் கவிராயர் என்றுதான் கூப்பிட்டது.

ராயருக்கு ஒருநாள் சீமைச் சங்கீதத்தின் மேல் ஆசை பிறந்தது. தரங்கம்பாடியிலிருந்து லோரென்ஸ் என்ற ஜெர்மானியரை வரவழைத்தார். துரை நன்றாகத் தமிழ் பேசுவார். உள்ளூர் இளைஞர்களுக்குப் பிடிலும் குழலும் கொம்பும் பழக்கி, முப்பது பேர் கொண்ட பாண்டு கோஷ்டியைத் தயார் செய்தார். நவராத்திரியில் முதல் கச்சேரி என்று ஏற்பாடாயிற்று.

ராயரின் முதல் மந்திரியான பிரதானி திருமலையப்பருக்கு வயிறு எரிந்தது. அரண்மனைச் சங்கீதத்துக்குத் தன் மைத்துனனைத் தலைவனாக்க அவர் காத்திருந்தார். அந்த இடத்தில் எங்கிருந்தோ வந்த துரை உட்கார்ந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கச்சேரி நாள் வந்தது. லோரென்ஸ் ராயரைக் குனிந்து வணங்கினார். கையில் சின்னக் குச்சி ஒன்றை எடுத்தார். அப்படியே திரும்பிக் கோஷ்டியைப் பார்த்து நின்றார்.

பிரதானி துள்ளி எழுந்தார். "மகாராஜா, இவன் தங்களுக்கு முதுகைக் காட்டுகிறான்."

சபையே திகைத்தது. கொன்றையூரில் ராஜாவுக்கு முதுகைக் காட்டும் வழக்கமே கிடையாது. விடைபெற்றுப் போகிறவர்கள் ராஜாவைப் பார்த்தபடியே வாசல்வரை பின்னோக்கி நடந்து போவார்கள்.

பிரதானி விடவில்லை. உன் தாத்தா காலத்திலும் உங்கள் தேசத்தில் இப்படித்தான் நின்றார்களா என்று கேட்டார். லோரென்ஸுக்குப் பொய் சொல்ல வராது. இல்லை என்றார். அந்தக் காலத்தில் வாத்தியக்காரர்கள் பிரபுக்களின் வேலைக்காரர்கள், எஜமான் கொடுத்த சீருடையைப் போட்டுக்கொண்டு சமையல்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்றார். பிரபுக்கள் சாப்பிடுவார்கள், சீட்டாடுவார்கள், சங்கீதம் ஒரு ஓரமாக நடக்கும். ஆட்களும் கொஞ்சம். தலைமைப் பிடில்காரர் தலையை ஆட்டினாலே போதும். அப்புறம் ஊர் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக் கேட்கக் கிளம்பினார்கள். மண்டபம் பெருத்தது, கோஷ்டியும் பெருத்தது. எல்லாரையும் சேர்த்து நடத்த ஒருவர் நடுவில் நிற்க வேண்டியதாயிற்று. இதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்போது ராஜாக்கள்கூட வாய் திறக்காமல் கேட்கிறார்கள்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

"கேட்டீர்களா?" என்றார் பிரதானி. "சமையற்கட்டில் சாப்பிட்டவன் பேரன் சிங்காதனத்துக்கு முதுகைக் காட்டுகிறான்."

ராயர் முகம் சிவந்தது. விஜயதசமி மாலை மறுபடியும் கச்சேரி, அதைத் தன்னைப் பார்த்து நின்றே நடத்த வேண்டும், தவறினால் அந்த முதுகில் கசையடி, அப்புறம் எல்லைக்கு வெளியே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

லோரென்ஸ் ஒத்திகையில் கோஷ்டிக்கு முதுகைக் காட்டி நின்று நடத்திப் பார்த்தார். பிடில் குளத்தங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கொம்பு இன்னும் தெருவிலேயே நின்றது. சிங்காதனத்தைக் கோஷ்டிக்குப் பின்னால் போடலாமென்றால், ஒரு முதுகுக்குப் பதில் முப்பது முதுகு தெரியும். மனிதர் கவிராயர் வீட்டுக்கு வந்து கண்கலங்கிவிட்டார்.

"அடி வாங்கிக்கொள்வேன், ஐயா. என்னைத் துரத்திவிட்டால் கோஷ்டி கலைந்துவிடுமே."

கவிராயருக்கு மனம் இளகிவிட்டது. மறுநாள் சபையில் பவ்வியமாக எழுந்து நின்றார். "மகாராஜா, இந்தக் கசையடி துரைக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். எவன் எனக்கு முதுகைக் காட்டினாலும் அடிதான்."

கவிராயர் தலையை ஆட்டினார். நேரே யானைக் கொட்டாரத்துக்கு நடந்தார்.

விஜயதசமி ஊர்வலம் புறப்பட்டது. அம்பாரியில் ராயர். யானையின் கழுத்தில் பாகன் காசிம். ஆனால் காசிம் வழியைப் பார்த்து உட்காரவில்லை. ராயர் முகத்தைப் பார்த்து, கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யானைக்கு இதைவிட என்ன வேண்டும்? நாலு அடி நேராகப் போயிற்று. பிறகு மேளம் ஒரு தெருவில் போக, அது இன்னொரு தெருவில் திரும்பி, பிரதானியின் வாழைத்தோப்புக்குள் ராயரோடு நுழைந்தது. அங்கே வாழை இருப்பதை யானைக்குச் சொன்னது யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வாழைகள் மடமடவென்று சாய்ந்தன. அம்பாரி ஆடியது. ராயர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "திரும்பி உட்காரடா!"

"கசையடி விழுமுங்களே மகாராஜா. ஒங்களுக்கு முதுகைக் காட்டலாமுங்களா?"

"யானையை நடத்துகிறவன் யானையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தால் எப்படியடா?"

மூச்சிரைக்க ஓடி வந்த கவிராயர் கீழேயிருந்து கேட்டார். "முப்பது வாத்தியத்தை நடத்துகிறவன் மட்டும் தங்களைப் பார்க்க வேண்டுமா, மகாராஜா?"

ராயர் அவரை முறைத்தார். தோப்பைப் பார்த்தார். பிறகு மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டு, சட்டம் ரத்து என்று யானைமேல் இருந்தபடியே சொன்னார். காசிம் திரும்பி உட்கார்ந்தான். யானையும் மனமில்லாமல் திரும்பியது.

மாலையில் கச்சேரி. லோரென்ஸ் வணங்கினார், திரும்பினார், குச்சியை உயர்த்தினார். முப்பது வாத்தியமும் ஒரே மூச்சில் கிளம்பின. ராயர் சொக்கிப்போனார்.

பிரதானிக்குத்தான் ஆறவில்லை. தோப்பும் போயிற்று, மைத்துனன் பதவியும் போயிற்று. ராயர் காதருகே குனிந்தார்.

"ஆயிரம் சொல்லுங்கள், மகாராஜா. இத்தனை வருஷமாகத் தங்களிடம் பிரதானியாக இருக்கிறேன். ஒருநாளாவது முதுகைக் காட்டியிருப்பேனா?"

ராயர் பதில் சொல்வதற்குள் மறுபக்கத்திலிருந்து மிளகாய்க் கவிராயர் குரல் வந்தது.

"வாஸ்தவம், மகாராஜா. எதையாவது நடத்துகிறவன்தானே முதுகைக் காட்டுவான்? இவரைச் சந்தேகப்படவே கூடாது."

ராயர் சிரித்த சிரிப்பில் கச்சேரியே ஒரு நிமிஷம் நின்றுபோயிற்று. அவர் கழுத்திலிருந்த முத்துமாலை கவிராயர் கழுத்துக்குப் போய்ச் சேர்ந்தது.