குழாயடி ரகசியம்

யுத்தம் நடந்த காலம். துறைமுகத்தை ஒட்டிய உப்புக்காரத் தெருவின் குழாயடியில் பிரசார அதிகாரி பராங்குசம் ஒரு பெரிய சுவரொட்டியை ஒட்டினார். 'எதிரி கேட்கிறான்! வாயைத் திறக்காதே!'

குழாயடியில் வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா? அன்றும் பெண்களுக்குள் குடத்துக்குக் குடம் சண்டைதான். அதிகாரிக்குக் கோபம் தலைக்கேறியது.

"உங்கள்ல யாரோ யுத்த ரகசியத்தை உளறுறீங்க. யாருன்னு இப்பவே சொல்லணும். இல்லேன்னா குழாயைப் பூட்டிடுவேன்!" என்று சங்கிலியைக் குழாயில் சுற்றினார்.

தெருவுக்கே அந்த ஒரு குழாய்தான். ஓட்டல்களுக்குத் தண்ணீர் சுமந்து பிழைக்கும் தனக்கோடி முன்னே வந்தாள்.

"ஐயா, யார் வீட்டுக் குழம்பு தீஞ்சதுன்னுதான் எங்களுக்குத் தெரியும். ரகசியம் தெரிஞ்சவங்கதானே உளற முடியும்?"

"அது எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு என்னய்யா தெரியும்? பாவம், சுவத்துல பசை தடவுற உத்தியோகம். உங்ககிட்ட யாரு ரகசியம் சொல்லப்போறா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பராங்குசத்தின் மீசை துடித்தது.

"யாரைப் பார்த்து என்ன பேச்சு பேசுறே? வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு வெடிமருந்துக் கப்பல் வருது! இந்த ஊர்லயே என்னைத் தவிர எவனுக்குத் தெரியும்?"



"நீங்க கேட்ட ஆள் கிடைச்சாச்சு, ஐயா" என்றாள் தனக்கோடி. "பேரை மேலிடத்துக்கு நீங்களே எழுதிப் போடுறீங்களா, இல்லை நாங்க போய்ச் சொல்லட்டுமா?"

பராங்குசம் அவசரமாகச் சங்கிலியை அவிழ்த்தார். பிறகு அவரே குனிந்து, தனக்கோடியின் குடத்தை வைத்துக் குழாயையும் திறந்துவிட்டார்.