ஒட்டிப் பிறந்த ஆமைகளும் மரங்கொத்தியும்

மரங்கொத்தி கொண்டையனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மரமானாலும் முதலில் இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுப்பான். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் அலகைப் பாய்ச்ச மாட்டான். இன்று அவனைப் பிளக்கச் சொன்னது மரத்தை அல்ல, ஓர் ஆமையின் ஓட்டை. அந்த ஓட்டுக்குள் இரண்டு உயிர்கள் இருந்தன.

தாழங்குளத்து ஆமைக்கு ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் அவர்கள். ஓட்டின் ஒரு முனையில் பெரியவன் தொப்பையனின் தலை. மறுமுனையில் சின்னவன் சுண்டுவின் தலை. குளம் நிறைந்திருந்தவரை தொல்லை இல்லை. பெரியவன் நீந்துவான், சின்னவன் கூடவே போவான். கோடையில் குளம் வற்றியதும்தான் வினை வந்தது. ஆற்றுக்கு நடந்தாக வேண்டும். பெரியவன் கிழக்கே இழுத்தான், சின்னவனின் கால்களோ மேற்கே ஊன்றி நின்றன. காலையிலிருந்து மாலைவரை இழுத்தும் ஒரு முழம் நகரவில்லை. இன்னும் மூன்று நாளில் சேறும் காய்ந்துவிடும்.

காட்டுக்கு நியாயம் சொல்லும் உடும்பு தொப்பையனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. எல்லோருமே அங்கேதான் உட்கார்ந்தார்கள். சின்னவன் முகம் இருந்த பக்கம் ஒரு ஈ, காக்கை கூட இல்லை.

உடும்பு யோசித்து யோசித்துத் தீர்ப்புச் சொன்னது. பிரிக்காவிட்டால் இருவரும் சாவார்கள். பிரித்தால் பெரியவன் பிழைப்பான், அவன் உயிரில் ஒட்டி வாழும் சின்னவன் போய்விடுவான். ஆகவே பிரிக்க வேண்டும். இரண்டும் தன் வயிற்றில் பிறந்தவைதானே என்று தாய் ஆமை அழுதாள். தொப்பையன் சரியென்று தலையாட்டினான்.

கொண்டையனுக்கு மனம் ஒப்பவில்லை. “பசிக்காக இல்லாமல் ஓர் உயிரை எடுக்கக் கூடாதுன்னு நம்ம காட்டுச் சட்டம் இருக்கே. இது கொலை இல்லையா?” என்று கேட்டான்.

“கொல்லணும்னு கொல்லலையே. ஒருத்தனைக் காப்பாத்தப் போய் இன்னொருத்தன் சாகிறான், அவ்வளவுதான்” என்றது உடும்பு.

கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அலகு அவனுடையது அல்லவா! கொண்டையன் ஓட்டின் மேல் ஏறினான். பழக்கம் விடவில்லை. பெரியவன் பக்கம் இரண்டு தட்டுத் தட்டினான். ஒரு சத்தமும் இல்லை. சின்னவன் பக்கம் தட்டினான். உள்ளே பதிலுக்குத் துடித்தது. மறுபடியும் இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தான். சந்தேகமே இல்லை.

“ஐயா, உள்ளே ஒரே இதயம்தான் இருக்கு. அது சின்னவன்கிட்ட இருக்கு.”

உடும்பு தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்படின்னா பிழைக்கப் போறவன் சின்னவன். பெரியவனை வெட்டு. தீர்ப்பு அதேதான்” என்றது.

தொப்பையனின் தலை சட்டென்று ஓட்டுக்குள் போய்விட்டது. சற்றுமுன் ஆடிய அதே தலைதான்.

கொண்டையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரையும் கேட்காமல் மறுமுனைக்குப் பறந்துபோய்ச் சுண்டுவின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தான். குட்டி முகம், பயத்தில் வெளுத்திருந்தது.

“நீ ஏண்டா தம்பி மேற்கே இழுக்கிறே?”

“நான் இழுக்கலை. அண்ணன் திடீர்னு இழுப்பான். எங்கே விழப் போறோமோன்னு காலை ஊன்றிக்குவேன். ஊன்றாதேன்னு திட்டினான். எங்கே போறோம்னு சொல்லவே இல்லையே.”

“ஆத்துக்குடா. உனக்குப் பின்னாடி இருக்கு.”

“அப்படியா? நான் பின்னாடி நடப்பேனே. என்கிட்ட யாரும் கேட்கலை.”

ஓட்டுக்குள்ளிருந்து தொப்பையனின் குரல் மெல்ல வந்தது. “சுண்டு, இனி ஒவ்வொரு அடிக்கும் சொல்லிட்டே போறேன்.”

உடும்பு வேறெங்கோ பார்த்தது. மேடு வந்தால் மேடு என்றும், கல் வந்தால் கல் என்றும் அண்ணன் சொல்லச் சொல்ல, தம்பி பின்னோக்கி நடந்தான். மூன்றாம் நாள் பொழுது சாயும்போது, நாக்கு வறண்டு, கால் தேய்ந்து, இருவரும் ஒன்றாகவே ஆற்றில் விழுந்தார்கள். கரையில் தாய் மகிழ்ச்சியில் வாய்விட்டு அழுதாள்.

யாருடைய உயிரைப் பற்றி முடிவு செய்கிறோமோ, அவர் முகத்துக்கு எதிரே போய் உட்கார்ந்து கேட்காமல் சொல்லும் தீர்ப்பு, எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், நியாயம் ஆகாது.